காற்றிலிருந்து உரம் - 7: மூன்றாம் தசமத்தில் ஒரு சண்டை

சிலி நாட்டு வெடியுப்பு தீர்ந்துபோனால் ஐரோப்பாவின் கோதுமை வயல்கள் என்னாகும் என்று 1898இல் பிரிஸ்டல் நகரில் வில்லியம் க்ரூக்ஸ் எழுப்பிய கேள்வியைச் சென்ற பகுதியில் பார்த்தோம். விடை காற்றில்தான் இருக்கிறது என்பதில் அன்றைய வேதியியலாளர்களுக்குச் சந்தேகமே இல்லை. காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். அதை ஹைட்ரஜனோடு சேர்த்தால் அம்மோனியா. பள்ளிப் பாடநூலில் இதற்குப் பிந்திய கதை அரைப்பக்கத்தில் முடிந்துவிடும். லீ சாட்லியர் தத்துவப்படி உயர்ந்த அழுத்தமும் தாழ்ந்த வெப்பநிலையும் அம்மோனியா உருவாக ஏற்றவை, அதன்படி ஹேபர் செய்தார், உரம் கிடைத்தது. தேர்வுக்கு இது போதும். ஆனால் தத்துவம் அச்சேறியது 1884இல், கார்ல்ஸ்ரூவே ஆய்வகத்தில் அம்மோனியா சொட்டியது 1909இல். நடுவே 25 ஆண்டுகள் கிடக்கின்றன. அந்த இடைவெளியில் ஐரோப்பாவின் தலைசிறந்த மூளைகள் இந்த வினையில் கைவைத்துவிட்டு விலகின. சமநிலை எந்தப் பக்கம் நகரும் என்பது அவர்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எவ்வளவு நகரும் என்பது தெரியவில்லை. அம்மோனியாவின் வரலாற்றைத் தீர்மானித்தது இந்த இரண்டாவது கேள்விதான் என்பதே என் வாதம்.

எவ்வளவு என்ற கேள்வி அப்போது புதிதும் அல்ல. நெப்போலியனுடன் 1798இல் எகிப்துக்குப் போன அறிஞர் குழுவில் பெர்த்தொலே என்ற வேதியியலாளர் இருந்தார். நைல் நதிக்கு மேற்கே நாட்ரன் ஏரிகளின் கரையில் சோடா உப்பு படிந்து கிடப்பதைப் பார்த்தார். ஆய்வகத்தில் சோடாக் கரைசலையும் கால்சியம் குளோரைடையும் கலந்தால் சுண்ணாம்பு வீழ்படிவாகும்; கரைசலில் சாதாரண உப்பு தங்கும். ஏரிக்கரையில் நடந்தது இதற்கு நேர்மாறு. சுண்ணாம்புக்கல்லும் உப்பும் சேர்ந்து சோடாவைத் தந்துகொண்டிருந்தன. பொருள்களுக்கிடையே உள்ள நாட்டம் மாறாதது, வலிய நாட்டம் எப்போதும் வெல்லும் என்று அன்றுவரை எல்லோரும் நம்பினார்கள். இங்கே சுண்ணாம்பும் உப்பும் ஏராளமாகக் குவிந்திருப்பதே வினையைத் திருப்பிவிட்டது என்று பெர்த்தொலே முடிவுகட்டினார். ஒரு பொருள் எவ்வளவு இருக்கிறது என்பதும் வினையின் போக்கைத் தீர்மானிக்கும் என்பது அப்படித்தான் வேதியியலுக்குள் வந்தது. 1864இல் நார்வேயில் குல்ட்பெர்க், வாகே என்ற மைத்துனர்கள் இதற்குக் கணித உருவம் கொடுத்தார்கள். நார்வேஜிய மொழியில் வெளியானதால் பல ஆண்டுகள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

லீ சாட்லியர் வந்த வழி வேறு. சுரங்கப் பொறியியல் படித்தவர், சிமெண்டை ஆராய்ந்தவர், தொழிற்சாலை வாசலிலேயே நின்று யோசித்தவர். அவருக்குப் பிடித்த உதாரணம் இரும்பு உருக்கும் ஊதுலை. உலையின் உச்சியிலிருந்து வெளியேறும் வாயுவில் கார்பன் மோனாக்சைடு நிறைய மிஞ்சியிருந்தது. தாதுவோடு போதிய நேரம் கலந்திருக்கவில்லை, அதனால்தான் மிச்சம் என்று எண்ணிய இங்கிலாந்து முதலாளிகள் உலைகளை மேலும் மேலும் உயரமாகக் கட்டினார்கள். பணம் கரைந்தது, மிச்சம் குறையவில்லை. அந்த வினை மீள்வினை. கார்பன் மோனாக்சைடும் கார்பன் டை ஆக்சைடும் ஒரு குறிப்பிட்ட விகிதத்துக்கு வந்ததும் நின்றுவிடும். அதற்குமேல் உலையை வானளாவக் கட்டினாலும் பயனில்லை. இந்த உதாரணத்தை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். உலை முதலாளிகளின் பிழை திசையில் இல்லை. வினை எந்தப் பக்கம் போகிறது என்று அவர்கள் அறிந்தே இருந்தார்கள். எங்கே நிற்கும் என்பதை அறியாமல் செங்கல் அடுக்கினார்கள்.

1884இல் நெதர்லாந்தின் வான்ட் ஹாஃப் வெப்பநிலை கூடும்போது சமநிலை வெப்பம் உறிஞ்சப்படும் பக்கம் நகர்கிறது என்று காட்டினார். அதே ஆண்டு லீ சாட்லியர் அதை அழுத்தத்துக்கும் செறிவுக்கும் விரித்து ஒரே வாக்கியமாக்கினார். சமநிலையில் உள்ள ஓர் அமைப்பின் நிபந்தனைகளில் ஒன்றை மாற்றினால், அந்த மாற்றத்தின் விளைவைக் குறைக்கும் பக்கமாகச் சமநிலை நகரும். எண்ணோ சமன்பாடோ இல்லாத இந்த வாக்கியத்தின் வசதியே அதுதான். எந்த வினையை நீட்டினாலும் உடனே விடை சொல்லும். நைட்ரஜன் ஒரு பங்கும் ஹைட்ரஜன் மூன்று பங்கும் சேர்ந்து அம்மோனியா இரண்டு பங்கு தருகின்றன. நான்கு பங்கு வாயு இரண்டாகச் சுருங்குவதால் அழுத்தம் கூடினால் அம்மோனியா கூடும். சேரும்போது வெப்பம் வெளிவருவதால் சூடு கூடினால் அம்மோனியா குறையும். இதைக் கண்டுபிடிக்க ஒரு மாணவனுக்கு ஐந்து நிமிடம் ஆகும். தத்துவத்தின் ஆசிரியருக்கு அவ்வளவுகூட ஆகியிருக்காது. 1901இல் அவரே அந்தச் சோதனையில் இறங்கினார்.

அவருடைய ஏற்பாடு குறை சொல்ல முடியாதது. எஃகுக் கலத்துக்குள் வாயுக்கலவை, சுமார் 200 வளிமண்டல அழுத்தம், மின்னோட்டத்தால் செஞ்சூடாகும் பிளாட்டினக் கம்பிச்சுருள், வினையூக்கியாக இரும்புத் தூள். பின்னாளில் தொழிற்சாலைகள் கையாண்ட அழுத்தமும் இதுவே. கலவையில் காற்று புகுந்துவிட்டிருந்தது. ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து கலம் வெடித்தது. உதவியாளர் ஒருவர் மயிரிழையில் தப்பினார். லீ சாட்லியர் அதோடு அம்மோனியாவைக் கைவிட்டார். முதுமையில் அதைத் தம் அறிவியல் வாழ்வின் பெரும் தவறாக எண்ணி வருந்தினார். ஒரு விபத்து, அதனால் நின்றது என்று இதைத் தள்ளிவிட முடியுமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. வெடிவிபத்துக்கு அஞ்சும் துறை அல்ல வேதியியல். எத்தனை சதவீதம் அம்மோனியா கிடைக்கும் என்று ஓர் எண் கையில் இருந்திருந்தால், கலத்தைச் செப்பனிட்டு மறுபடி மூட்டுவதற்கு ஒரு காரணம் இருந்திருக்கும். வெறும் திசை அந்தத் துணிச்சலைத் தரவில்லை. அதற்கு முந்திய ஆண்டு லைப்சிக்கில் வில்ஹெல்ம் ஓஸ்ட்வால்ட் பட்ட அவமானமும் இதே ரகம். இரும்புக் கம்பியின் மேல் வாயுக்களைச் செலுத்தி அம்மோனியா செய்துவிட்டதாக அவர் பி.ஏ.எஸ்.எஃப். என்ற வேதித்தொழில் நிறுவனத்துக்கு எழுதினார். சோதிக்கச் சொன்னது கார்ல் போஷ் என்ற இளம் பொறியாளரை. அந்த அம்மோனியா காற்று நைட்ரஜனிலிருந்து வந்ததல்ல, இரும்பிலேயே முன்பு ஒட்டியிருந்த நைட்ரைடிலிருந்து வந்தது என்று போஷ் நிரூபித்தார். சாதாரண அழுத்தத்தில், அந்தச் சூட்டில், எவ்வளவு அம்மோனியாதான் இருக்க முடியும் என்ற எண் தெரிந்திருந்தால் ஓஸ்ட்வால்டே தம் முடிவைச் சந்தேகித்திருப்பார்.

அந்த எண்ணை அளக்க முதலில் உட்கார்ந்தவர் கார்ல்ஸ்ரூவே தொழில்நுட்பக் கல்லூரியின் ஃப்ரிட்ஸ் ஹேபர். வியன்னாவின் தொழில்முனைவோர் சிலர் கேட்டுக்கொண்டதால் 1904இல் தொடங்கினார். அவரும் வான் ஊர்ட் என்ற உதவியாளரும் செய்த சோதனை அழகானது. இரண்டு உலைகள் அடுத்தடுத்து, இரண்டிலும் இரும்பு, சூடு சுமார் 1,020 டிகிரி செல்சியஸ். முதல் உலைக்குள் அம்மோனியாவையே செலுத்தினார்கள். அது ஏறத்தாழ முழுவதும் பிரிந்து, துளி மட்டும் மிஞ்சும். அந்தத் துளியை அமிலத்தில் பிடித்து அளந்துவிட்டு, மிச்ச நைட்ரஜன் ஹைட்ரஜன் கலவையை இரண்டாவது உலைக்கு அனுப்பினார்கள். அங்கே அது மறுபடி சேர்ந்து கொஞ்சம் அம்மோனியா தரும். அதையும் அளந்தார்கள். பிரிவின் பக்கமிருந்து வந்தாலும் சேர்க்கையின் பக்கமிருந்து வந்தாலும் ஒரே அளவில் நின்றால் அதுதான் சமநிலை. கிடைத்தது 0.005 முதல் 0.012 சதவீதம் வரை. கூடிய எண்ணையே ஹேபர் நம்பத்தகுந்ததாக எடுத்துக்கொண்டு 1905இல் வெளியிட்டார். பத்தாயிரம் பங்கு வாயுவில் ஒரு பங்கு அம்மோனியா. இதை வைத்துத் தொழில் நடத்த முடியாது என்று அவரே ஒதுங்கிவிட்டார். கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டியது.

முடியாமல் செய்தவர் பெர்லினின் வால்ட்டர் நெர்ன்ஸ்ட். அவருக்கு அம்மோனியாவில் அக்கறை இல்லை, தம்முடைய புதிய வெப்பத் தேற்றத்தில் இருந்தது. வினையில் வெளிப்படும் வெப்பம் முதலிய அளவுகளைக் கொண்டே, சோதனை செய்யாமல், எந்த வினையின் சமநிலையையும் கணக்கிட்டுவிடலாம் என்பது அந்தத் தேற்றம் தந்த வாக்குறுதி. பல வாயு வினைகளில் கணக்கு ஓரளவு பொருந்தியது. அம்மோனியாவில் ஹேபரின் எண் துருத்திக்கொண்டு நின்றது. தேற்றமா, ஹேபரின் அளவீடா, இரண்டில் ஒன்று தப்பு. நெர்ன்ஸ்ட் தம் தேற்றத்தைச் சந்தேகிக்கும் ரகம் அல்ல. 1906இல் ஹேபருக்கு எழுதித் தெரிவித்துவிட்டு, தம் ஆய்வகத்தில் உயர் அழுத்தத்தில் அளக்கத் தொடங்கினார். அழுத்தத்தை அவர் நாடிய காரணம் கவனிக்கத்தக்கது. அதிக அம்மோனியா வேண்டும் என்பதல்ல நோக்கம். அளக்கப்படும் பொருள் மிகக் குறைவாக இருந்தால் ஒரு சிறு கைப்பிழைகூட முடிவைப் பல மடங்கு புரட்டிவிடும்; அழுத்தம் கூடினால் அம்மோனியா கூடும், பிழையின் பங்கு குறையும். திசையை அறிவிக்கும் தத்துவம் இங்கே அளவுகோலைத் துல்லியமாக்கும் கருவியாயிற்று.

ஹேபர் சும்மா இருக்கவில்லை. ஜெர்சி தீவைச் சேர்ந்த ராபர்ட் லெ ரொசிஞ்ஞோல் என்ற கைதேர்ந்த சோதனையாளரோடு அளவீட்டைத் திரும்பச் செய்து 1,000 டிகிரியில் 0.0048 சதவீதம் என்று திருத்தினார். நெர்ன்ஸ்ட் சொன்னது 0.0032. 1907 மே மாதம் ஹாம்பர்கில் கூடிய புன்சன் சங்கக் கூட்டத்தில் நெர்ன்ஸ்ட் எல்லோர் முன்னிலையிலும் ஹேபரின் எண்களைக் குறைகூறினார். உண்மையான அளவு இவ்வளவு குறைவாக இருப்பதால் தொழிலுக்கு இடமில்லை என்ற தொனியும் அதில் இருந்தது. மூன்றாம் தசமத்தில் 5ஆ 3ஆ என்பதற்குச் சபையில் சண்டையா என்று வெளியிலிருந்து பார்ப்பவருக்குச் சிரிப்பு வரும். ஆனால் அவ்வளவு சிறிய வேறுபாட்டில் ஓர் ஆய்வாளனின் மானம் சிக்கியிருந்தது. அந்த ரோஷத்தில்தான் ஹேபர் கைகழுவிய வினைக்குத் திரும்பினார், 30 வளிமண்டல அழுத்தத்தில் லெ ரொசிஞ்ஞோலோடு மறுபடி அளந்தார். தம் எண்தான் உண்மைக்கு நெருங்கியது என்று தெரிந்தது. அதைவிட முக்கியமாக, வெவ்வேறு சூட்டுக்கும் அழுத்தத்துக்கும் எவ்வளவு அம்மோனியா என்று நிரப்பத்தக்க ஓர் அட்டவணை அவர் கைக்கு வந்துவிட்டது.

அந்த அட்டவணையின் சில கட்டங்களை இங்கே பார்க்கலாம். 1,000 டிகிரியில் ஒரு வளிமண்டலத்தில் 0.0044 சதவீதம், அழுத்தத்தை 200 ஆக்கினாலும் 0.87தான். 600 டிகிரியில் ஒரு வளிமண்டலத்தில் 0.049, 200 வளிமண்டலத்தில் 8.25. 500 டிகிரியில் 0.129, 17.6 ஆகிறது. 200 டிகிரிக்கு இறங்கினால் 200 வளிமண்டலத்தில் 85.8. தத்துவம் சொன்ன இரண்டு திசைகளும் இதில் இருக்கின்றன. ஆனால் தத்துவம் சொல்லாத ஒன்றும் இருக்கிறது. 200 டிகிரியில் கொட்டிக்கிடக்கும் அந்த 85.8 சதவீதத்தை அன்று தெரிந்த எந்த வினையூக்கியாலும் எட்ட முடியாது, அந்தச் சூட்டில் வினை நடப்பதே தெரியாது. வினை வேகம் பிடிக்கும் 500, 600 டிகிரிப் பக்கம் வந்தால், ஒரு தடவையில் கிடைப்பது பத்தோ பதினைந்தோ. இந்த இரண்டுக்கும் நடுவே தப்பிக்க வழியில்லை என்பதை எண்கள் ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிட்டன. ஹேபர் அதை மறுக்கப் பார்க்காமல் ஏற்றுக்கொண்டார். எட்டு சதவீதம்தான் என்றால் எட்டையே எடுத்துக்கொள்வது. குளிர்வித்தால் அம்மோனியா மட்டும் திரவமாகிப் பிரியும். மிச்சம் 92 பங்கை அழுத்தம் இறக்காமலே மறுபடி உலைக்குள் அனுப்புவது. மாவு சலிப்பவர் சல்லடையில் நின்ற கப்பியை மறுபடி இடிப்பதைப் போன்ற ஏற்பாடு. வெளியேறும் வாயுவின் சூட்டைக் கொண்டே உள்ளே வரும் குளிர்ந்த வாயுவைச் சூடேற்றிக்கொண்டார். இந்தச் சுழற்சிக்கு 1908இலேயே காப்புரிமை கேட்டிருந்தார். 1909 ஜூலை 2 அன்று, மேசைமேல் நிற்கும் அளவான ஒரு கருவியில் ஆஸ்மியம் வினையூக்கியாக இருக்க, சுமார் 550 டிகிரியில், பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனத்தின் போஷும் அல்வின் மிட்டாஷும் பார்ப்பதற்காக அதை ஓட்டிக்காட்டினார். முதலில் ஒரு மறை தெறித்துக் கருவி நின்றது. போஷ் பொறுமையிழந்து கிளம்பிவிட்டார். சில மணி நேரம் கழித்துத் திரவ அம்மோனியா சொட்டியதைப் பார்த்தவர் மிட்டாஷ்தான்.

அளவுதான் தீர்மானித்தது என்ற என் வாதத்துக்கு மறுப்பாக முதலில் வரக்கூடியது வினையூக்கி. எண்ணை அளந்ததால் என்ன, ஆஸ்மியமும் பின்னால் மிட்டாஷ் கண்ட இரும்பும் இல்லாவிட்டால் ஒன்றும் நடந்திருக்காதே என்று கேட்கலாம். நடந்திருக்காது என்பது உண்மை. பி.ஏ.எஸ்.எஃப். உலகத்தில் கிடைத்த ஆஸ்மியத்தையெல்லாம் வாங்கிவைத்தும் போதாமல், மிட்டாஷ் 2,000க்கும் மேற்பட்ட பொருள்களைச் சோதித்துத்தான், அலுமினா முதலியவை கலந்த ஒரு ஸ்வீடன் நாட்டு இரும்புத் தாதில் வந்து நின்றார். ஆனால் வினையூக்கி சமநிலையை ஒரு மயிரளவும் நகர்த்தாது. முன்வினையையும் பின்வினையையும் ஒரே மடங்கில் விரைவுபடுத்தி, அங்கே போய்ச் சேரும் நேரத்தை மட்டும் குறைக்கும். அப்படியானால் அது எதற்குப் பயன்பட்டது? 1,000 டிகிரியில் செய்துகொண்டிருந்த வினையை 500க்கு இறக்க விட்டது, அங்கே சமநிலை நமக்குச் சாதகமாக இருந்தது. எத்தனை டிகிரி இறக்கினால் போதும், எந்தப் பொருளைத் தேடினால் செலவுக்குத் தகும் என்று மிட்டாஷுக்குச் சொன்னது அட்டவணை. அது இல்லாமல் 2,000 பொருள்களைச் சோதிக்க எந்த நிர்வாகமும் காசு கொடுத்திருக்காது.

இரண்டாவது மறுப்பு வலுவானது. அது நீதிமன்றம் வரை போனது. அழுத்தத்தைக் கூட்டினால் அம்மோனியா கூடும் என்பது ஊரறிந்த தத்துவம், நெர்ன்ஸ்டும் அழுத்தத்தில் அளந்திருக்கிறார், ஹேபர் புதிதாகக் கண்டது என்ன என்று கேட்டு ஹோக்ஸ்ட் நிறுவனம் அவருடைய உயர் அழுத்தக் காப்புரிமையை ரத்துசெய்யக் கோரியது. 1912 மார்ச் மாதம் லைப்சிக்கில் விசாரணை. ஹேபர் பக்கம் சாட்சி சொல்ல வந்தவரைப் பார்த்து எதிர்த்தரப்பு திகைத்தது, வந்தவர் நெர்ன்ஸ்ட். அவருக்கும் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனத்துக்கும் ஆண்டுக்கு 10,000 மார்க் தரும் ஆலோசனை ஒப்பந்தம் அதற்குள் ஆகியிருந்தது. அதனால் அவர் சாட்சியத்தைக் கொஞ்சம் கழித்தே கேட்க வேண்டும். இருந்தாலும் வழக்கின் சாரத்தில் நான் ஹேபர் பக்கமே. நெர்ன்ஸ்ட் அழுத்தத்தில் அளந்தார், அந்த எண்ணைப் பார்த்து இது தொழிலுக்கு ஆகாது என்றார். ஹேபர் அதே மாதிரி எண்களைப் பார்த்து, குறைந்த விளைச்சலைக் குறைந்த விளைச்சலாகவே வைத்துக்கொண்டு எப்படிப் பிழைப்பது என்று யோசித்தார். தத்துவம் இருவருக்கும் பொது. காப்புரிமை நிலைத்தது.

தத்துவத்தின் மேல் மரியாதை குறைந்து பேசுவதாக யாராவது நினைத்தால், அந்தத் தத்துவம் தன் பிரியமான உதாரணத்திலேயே வழுக்கும் ஓர் இடத்தைக் காட்டிவிடுகிறேன். நைட்ரஜனைக் கூடுதலாகச் சேர்த்தால் சமநிலை அம்மோனியா பக்கம் நகரும் என்றுதான் எந்த மாணவனும் எழுதுவான். கலத்தின் கன அளவு மாறாமல் இருந்தால் அது சரி. மொத்த அழுத்தத்தை மாறாமல் வைத்து, கலவையில் பாதிக்கு மேல் நைட்ரஜனே இருக்கும் நிலையில் இன்னும் நைட்ரஜனைச் சேர்த்தால், அம்மோனியா கூடுவதற்குப் பதில் பிரியத் தொடங்கும். சேர்த்த நைட்ரஜன் மற்ற வாயுக்களை நீர்க்கச் செய்கிறது; வினைக்கு ஹைட்ரஜன் மூன்று பங்கு வேண்டுமாதலால் அதன் பகுதி அழுத்தம் குறைவதன் அடி, நைட்ரஜன் கூடியதன் ஆதாயத்தைத் தாண்டிவிடுகிறது. குல்ட்பெர்க்கும் வாகேயும் விட்டுச்சென்ற கணித உறவைப் போட்டுப் பார்த்தால் இது இரண்டு வரியில் விளங்கும். தத்துவ வாக்கியத்தை எத்தனை முறை படித்தாலும் விளங்காது. அந்த வாக்கியம் தெளிவற்றது என்று பால் ஏரென்ஃபெஸ்ட் 1911இலேயே வாதிட்டார். தொழிற்சாலையில் இதன் தம்பி முறையான சிக்கல் ஒன்று அன்றாடம் வரும். காற்றிலிருந்து எடுத்த நைட்ரஜனோடு ஆர்கான் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வருகிறது. அது எதனோடும் சேராது. சுழற்சியில் சுற்றிச்சுற்றிச் சேர்ந்துகொண்டே போகும். அழுத்தமானியில் முள் 200இல் நிற்க, நைட்ரஜனும் ஹைட்ரஜனும் அனுபவிக்கும் அழுத்தம் குறைந்துகொண்டே வரும். அதனால்தான் சுழலும் வாயுவில் ஒரு பகுதியைத் தொடர்ந்து வெளியே விட வேண்டியிருக்கிறது. அதோடு நல்ல ஹைட்ரஜனும் போய்விடுகிறது. எவ்வளவு விட்டால் நட்டம் குறைவு என்பது மறுபடியும் கணக்குப் பார்க்கும் வேலை.

இன்றைய ஆலைகளிலும் வாயு வினையூக்கியை ஒரு தடவை கடக்கும்போது அம்மோனியாவாக மாறுவது ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு அளவுதான். சுழற்சியால்தான் ஏறக்குறைய எல்லாமே கடைசியில் மாறுகிறது. ஹேபரின் கணக்கு தாளிலும் மேசைக் கருவியிலும் சரியாக வந்தது. பி.ஏ.எஸ்.எஃப். நிர்வாகிகளை மிரட்டியது அவர் கேட்ட அழுத்தம்; 100 வளிமண்டலம் என்ற சொல்லைக் கேட்டதுமே ஆய்வகத் தலைவர் பெர்ன்ட்சன் பதறிப்போனார் என்று சொல்லப்படுகிறது. போஷ் முடியும் என்றார். முடியவில்லை என்று முதலில் சொன்னது எஃகு. சூடான ஹைட்ரஜன் அதன் கார்பனைத் தின்றுவிட, கட்டிய குழாய்கள் சில நாட்களிலேயே வெடித்தன. 1913 செப்டம்பரில் ஓப்பாவ் ஆலை ஓடத் தொடங்குவதற்குள் போஷ் அந்தக் குழாயை எப்படி மாற்றியமைத்தார் என்பது அடுத்த பகுதியில்.